சடையின் கீழ்ப்பாதி

திருத்தங்கல்
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சிவபாண்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை அங்கேயே நின்றுவிட்டது. மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது, உன் பிள்ளைகள் இரண்டும் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கின்றன, உன் அம்மாவுக்கு என்னைத் திட்டுகிற குரல் கொஞ்சமும் இறங்கவில்லை, இதையெல்லாம் நலம் என்று நீ எடுத்துக்கொண்டால் நாங்கள் நலம்தான். அங்கே தோஹா வெயிலில் நீயும் உன்னோடு இருக்கிற பையன்களும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுசனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீடு உனக்குத் தெரியாததா, ஒரு அறையும் ஒரு அடுப்படியும், இங்கே நான் இருமினால் அங்கே பாத்திரம் அதிரும். மருமகள் பொன்மணியைப் பற்றிப் பொன்மணியின் காதில் விழாமல் உன்னிடம் பேச அந்த வீட்டில் இடம் கிடையாது. ஆனைக்குட்டம் பாண்டிராஜ் லீவு முடிந்து உன் கம்பெனிக்கே திரும்புகிறான் என்று கேள்விப்பட்டேன், சரி அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று பிரஸ் வாசலில் என் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளின் பின்பக்கத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, அது காலண்டர் வேஸ்ட், பிப்ரவரிக்கு முப்பது தேதி அடித்துவிட்டார்கள், மூலையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடம் என்னை ஒன்பதாம் வகுப்போடு கைவிட்டது உனக்குத் தெரியும், அதனால் பிழை இருந்தால் பிழையைப் படிக்காமல் விஷயத்தைப் படி.

விஷயம் பொன்மணியின் வலது கை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது, "இம்புட்டு மாசமாச்சு, இன்னும் விரல் மடங்கலேன்னா என்னத்தப் பண்ணிக்கிட்டு இருக்க, ஒழுங்கா பண்ணுறியா இல்லையா" என்று கேட்டாய். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் உன்னிடம் இங்கே மழை இல்லை, அங்கே எப்படி என்று என்னவோ உளறினேன். பாலைவனத்தில் இருக்கிறவனிடம் மழையைக் கேட்கிற புத்திதான் எனக்கு. நீ கேட்டதைத் தப்பு என்று சொல்லவில்லை, நீ அங்கே இருக்கிறாய், உனக்கு எதுவும் முழுசாகத் தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. விபத்து நடந்தபோது நீ வர உன் கம்பெனி விடவில்லை, வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. இப்போது சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்.

மாசி மாதம் ஏழாயிரம்பண்ணை பட்டாசு யூனிட்டில் அவளும், அவள் அக்கா என்று கூப்பிடுகிற இருளம்மாளும் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற அறையில் இருந்தார்கள். மருந்து வேலையை வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது உனக்குத் தெரியும், கூலியும் உருப்படிக் கணக்கு, ஆகவே காலையிலேயே குனிந்த தலை நிமிராமல் ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இருளம்மாள்தான், "எனக்கு நாக்கு வறளுதுடி, போயி ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்று இவளை அனுப்பியிருக்கிறாள். இவள் தண்ணீரோடு திரும்பி வாசலுக்கு வரும்போது அறை வெடித்துப் போய்விட்டது. செம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடியிருக்கிறாள், அதனால் முகம் தப்பியது, புறங்கை இரண்டும் வெந்தது. இடது கை தானாக ஆறிவிட்டது. வலது கையில் ஆழம். இருளம்மாளை அவள் வீட்டுக்காரர் மெட்டியைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னார், இதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது. பொன்மணி ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னிடம் முதலில் கேட்டது பிள்ளைகளை அல்ல, "அக்காவுக்குத் தண்ணி குடுத்தாகளா மாமா" என்றுதான் கேட்டாள். நான் கொடுத்தார்கள் என்று சொன்னேன்.

மதுரையில் தொடையிலிருந்து தோலை எடுத்துப் புறங்கையில் வைத்தார்கள். வைத்த தோல் பிடித்துக்கொண்டது, ஆனால் அது சுருங்குகிற தோல், ஈரத்துணி வெயிலில் காய்ந்து விறைப்பதைப் போல நாளுக்கு நாள் விறைக்கும், விரலை மடங்கவிடாமல் பின்னால் இழுக்கும். அங்கே பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷி, அவர் பொன்மணியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், இந்த வருஷத்துக்குள் மடக்கிப் பழக்கினால் உண்டு, விட்டுவிட்டால் அந்தக் கை அப்படியே நின்றுவிடும், பிடிக்கவும் செய்யாது பிசையவும் செய்யாது என்று. அதோடு, "மணிக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் மடக்கு, சுருக்குன்னு வலிச்சா நிப்பாட்டிரு, மறுபடி அடுத்த மணிக்குச் செய், நாள் பூரா இப்படித்தான், ஒரே மூச்சுல செஞ்சுராதம்மா" என்றும் சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். தலையை ஆட்டுவதில் நம் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது வேறே. மணிக்கு ஒரு தடவை என்று அந்த அம்மா சொன்னது மதுரை மணி, நம் வீட்டு மணி வேறே. ஒரு மணிக்குள் சின்னவள் தாரணி இரண்டு தடவை அழுவாள், கனிஷ்காவுக்கு யூனிபார்ம் காணாமல் போகும், குழாயில் தண்ணீர் வரும், பால் பொங்கும், இதற்கு நடுவில் ஒற்றைக் கையோடு இருக்கிற ஒருத்தி உட்கார்ந்து விரலை மடக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் நீ அந்த வீடியோவை அனுப்பினாய், கோட்டுப் போட்ட ஒருவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் உலகத்தை ஜெயிக்கலாம் என்று மேடையில் நடந்துகொண்டே சொல்கிறாரே, அதுதான். நானும் பார்த்தேன். நம் தெருவில் இருக்கிற பொம்பளைகள் எல்லோரும் காலங்காலமாக நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கிறார்கள், உலகத்தை ஒருத்தியும் ஜெயிக்கக் காணோம், குழாயடியில் முதல் இடத்தைத்தான் ஜெயித்திருக்கிறார்கள். உன்னைக் கிண்டல் செய்யவில்லை, பெண்டாட்டிக்கு உற்சாகம் வரட்டும் என்று நல்ல மனசோடுதான் அனுப்பினாய். அவளும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மறுநாள் பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் எழுந்து, ஒரு நாள் முழுக்கச் செய்ய வேண்டிய பயிற்சியை ஒரே உட்காரலில் செய்து முடித்தாள். வெயில் ஏறுமுன் உருப்படியை முடித்துப் பழகிய உடம்பு, அதுக்குத் தெரிந்த வழி அதுதானே. முகத்தில் வேர்வையோடு வந்து, "இன்னைக்கு உள்ளது முடிஞ்சது மாமா, இனி பிள்ளைகளைப் பார்க்கலாம்" என்றாள். உன் அம்மா, "எம் மருமவ கெட்டிக்காரி" என்றாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து மெச்சினேன். வலிக்கவில்லையா என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. இப்படியே தினமும் செய்திருக்கிறாள். ஒரு நாள் தோல் வெடித்துவிட்டது. இறுக்கமாக ஒரு கையுறை கொடுத்திருந்தார்கள், அதைக் கழற்றினபோது வைத்த தோலும் சேர்ந்து உரிந்தது. சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, திரும்ப மதுரைக்கு ஓடினோம், ஆறுகிற வரைக்கும் கையை அசைக்கக் கூடாது என்று கட்டுப் போட்டுவிட்டார்கள். அதற்குள் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருந்த விரல்களும் திரும்ப விறைத்துவிட்டன. நீ அன்றைக்குப் போன் செய்தபோது காய்ச்சல் என்று மட்டும்தான் சொன்னோம்.

கட்டு அவிழ்த்த பிறகு அவள் அந்தக் கையைத் தொடவே இல்லை. மடக்குகிறாயா என்று கேட்டால் "செய்றேன் மாமா" என்பாள், செய்ய மாட்டாள். ஒரு நாள் நான் விடாமல் நச்சரித்தபோது, "இந்தக் கைய வச்சு இனி யாருக்கு என்ன மாமா, அக்கா கூடவே போயிருக்க வேண்டியது" என்றாள். சோறு வைத்தால் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தை மூடி வைத்துவிடுவாள். உன் அம்மா பயந்துபோய்ச் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வெந்நீர் வைத்துக் கையைப் பிடித்து மடக்கிவிடுவாள், அது ஒரு தடவைதான், பகல் முழுக்க அவளும் இல்லை. நான் பிடித்து மடக்கிவிடலாம் என்றால் மருமகள் கையை மாமனார் தொட நம்மில் முறை இல்லை, நான் சரி என்றாலும் அந்தப் பிள்ளை கூசிப் போகும். ஆகவே ஒரு யோசனை செய்தேன். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து என் கையை நான் மடக்குவேன், நீட்டுவேன், நீயும் பார்த்துச் செய்யம்மா என்பேன். வாசலில் போகிற சீனிவாசகம் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, எலெக்சன்ல நிக்கப் போறீகளா, இப்பவே சின்னத்தக் காட்டுறீக" என்று கேட்டுவிட்டுப் போனான். பொன்மணி சிரிக்கவில்லை. என் கை வாதம் மட்டும் நன்றாகக் குறைந்தது, யாருக்கோ செய்த வைத்தியம் எனக்குப் பலித்தது.

நான் ஒன்றும் பெரிய வழி கண்டுபிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பெரிய மகளின் தலைமுடிதான் வழி. பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் வைத்து மடித்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் டீச்சர் வெளியே நிறுத்திவிடுவார்கள். உன் அம்மா விடிகிறபோதே கிளம்பிவிடுவாள், பொன்மணியால் முடியாது, மிச்சம் இருப்பது நான். ஆயுசுக்கும் லாரியில் லோடு கட்டியவன், எனக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான், அதையே போட்டேன். சாயங்காலம் பிள்ளை ரிப்பன் இல்லாமல் வந்தாள். முடிச்சு அவிழவில்லையாம், டீச்சர் கத்திரிக்கோலால் வெட்டினாராம். "தாத்தா, நான் என்ன லாரியா" என்று கேட்டு அழுதாள். மறுநாளும் நான்தான் பின்னினேன், இழுத்த இழுப்பில் அவள் கத்த, பொன்மணி அடுப்படியிலிருந்து வந்து, "விடுங்க மாமா, பிள்ளை தலையில தார்ப்பாயப் போட்டு மூடாததுதான் பாக்கி" என்று சொல்லி முடியை வாங்கினாள். இடது கையால் இழுத்துப் பிடித்து வலது கையின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு கற்றையைச் சொருகினாள். ஒரே ஒரு பின்னல் போட்டாள். வலித்துவிட்டது, என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் அன்றைக்கு.

அடுத்த நாளும் ஒரு பின்னல். பிறகு ஒன்றிரண்டு கூடியது. இப்போது மேல் பாதி நான், கீழ்ப் பாதி அவள் என்று வந்திருக்கிறது, ரிப்பன் கட்டுவதும் அவள்தான், சுற்றுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், கனிஷ்காவும் இப்போது அழாமல் உட்காருகிறாள். இதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. சின்னவள் தாரணிக்கு மணி பார்க்கத் தெரியாது, ஆனாலும் மணிக்கு ஒரு தடவை அவளுக்கு அம்மா வேண்டும். தண்ணீர் என்று வருவாள், சும்மா என்று வருவாள், ஒன்றும் இல்லையென்றால் விழுந்துவிட்டேன் என்று வருவாள். இத்தனை நாளும் அது தொந்தரவு என்று நாங்கள் பிள்ளையை விரட்டிக்கொண்டு இருந்தோம். இப்போது அவள் வரும்போதெல்லாம் அம்மாவின் உள்ளங்கையில் தன் விரலை வைத்து, "புடி" என்கிறாள். பொன்மணி எட்டுகிற வரைக்கும் மடக்குகிறாள். எட்டாவிட்டால் சின்னவள் "புடிக்கல" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள், அதுக்கு வருத்தமும் கிடையாது பாராட்டும் கிடையாது. வலிக்கிறவளுக்கு அது சௌகரியமாக இருக்கிறது போல. என்னைப் போல வாய் ஓயாமல் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று சொல்ல அதுக்குத் தெரியாது.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. மூன்று வாரத்துக்கு முன்னால் மதுரைக்குப் போயிருந்தோம். பெருவிரலும் அதற்கு அடுத்த இரண்டும் பாதிக்கு மேல் மடங்குகின்றன, இது வரும் என்றார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மூட்டிலேயே இறுகிவிட்டன, அந்த இரண்டுக்கும் இனி பயிற்சியால் ஒன்றும் ஆகாது, அடுத்த வருஷம் இன்னொரு ஆபரேசன் செய்து பார்க்கலாம், செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தோல் வெடித்துக் கட்டுப் போட்டிருந்தோமே, அந்த நாட்களில் போனது அது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான், "ரெண்டு விரலு போச்சுல்ல மாமா" என்றாள். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள். அதன் பிறகு கொஞ்ச நாள் சடையும் இல்லை ஒன்றும் இல்லை, கனிஷ்கா என் லோடுக் கட்டோடுதான் போனாள். பிறகு ஒரு காலையில், நான் பாதி பின்னிக்கொண்டு இருக்கும்போது வந்து முடியை வாங்கிக்கொண்டாள். உற்சாகம் எல்லாம் கிடையாது, முகம் கல்லாகத்தான் இருந்தது. மனசு வரட்டும், வந்ததும் செய்யலாம் என்று நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டுதான் இருந்தோம், மனசு வரவில்லை, பள்ளிக்கூட நேரம்தான் வந்தது. அதுக்காகத்தான் எழுந்து வந்தாள். இப்போதும் அப்படித்தான், சில நாள் செய்கிறாள், சில நாள் கையைக் கையுறைக்குள் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். அன்றைக்கு நாங்கள் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

உன் அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதாகத்தானே உன்னிடம் சொல்லியிருக்கிறோம். இல்லை, சீசன் ஆர்டர் வந்ததிலிருந்து பட்டாசுக்குத்தான் போகிறாள், வேறு யூனிட், வேன் மட்டும் அதே வேன். அந்த வேனில் இருளம்மாள் உட்கார்ந்த இடத்தில்தான் இப்போது உன் அம்மா உட்காருகிறாள். நீ போனில் சத்தம் போட்டுத் தடுக்காதே, தடுக்க முடிந்திருந்தால் நான் தடுத்திருப்பேன், "நீரு சடை பின்னுற வேலையைப் பாரும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போகிறாள். வேன் சத்தம் சாயங்காலம் தெருமுனையில் கேட்கிற வரைக்கும் பொன்மணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

வேலையை உதறிவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னாய். வா என்றும் எழுத முடியவில்லை, வராதே என்றும் எழுத முடியவில்லை, அதை நீயே யோசித்துக்கொள். ஆனால் வருகிற வரைக்கும் சும்மா இருக்காதே. இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்து படுக்கிறவனுக்குத் தகப்பனாக இருக்கத் தெம்பு எங்கே என்று நீ கேட்டாய், ஞாயந்தான். அதனால்தான் நீ எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்கிறாய், ஒரு வாரத்துக் கவலை, ஒரு வாரத்துக் கோபம், ஒரு வாரத்துப் பாசம் எல்லாம் ஒரே போனில் வந்து விழுகிறது, அதைத் தாங்க இங்கே ஆள் இல்லை. நீயும் ஒரு வழியில் உன் பெண்டாட்டி செய்ததைத்தான் செய்கிறாய். நீ சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு நிமிசம் கூப்பிடு, கனிஷ்காவிடம் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன எழுதிப் போட்டார்கள் என்று கேள், சின்னவளை ஒரு அதட்டு அதட்டு, வைத்துவிடு. நாளைக்கு மறுபடி ஒரு நிமிசம். முடியாத நாளில் விட்டுவிடு, அதற்காக மறுநாள் இரண்டு பங்கு பேச வேண்டாம். அந்த மாதிரி வீடியோ இனி அனுப்பாதே.

பாண்டிராஜிடம் சாத்தூர் சேவு கொடுத்திருக்கிறோம், உன் அம்மா இரண்டு பொட்டலம் கட்டினாள், ஒன்றுதான் வந்து சேர்ந்தது என்றால் அவன் முகத்தைப் பார்த்தே நீ தெரிந்துகொள்வாய். வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. வயிறு முட்டக் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. இருக்கங்குடித் தாய் உன்னையும் உன் கை கால்களையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும், உன் அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் எப்போதும் உனக்கு உண்டு, பிள்ளைகள் முத்தம் சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. வீடியோவில் பேசும்போது பொன்மணி வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வதை நீ கவனித்தாயோ என்னவோ. கட்டு அவிழ்த்ததிலிருந்து உனக்கு அந்தக் கையை அவள் காட்டவே இல்லை. நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே, "அவுக அடுத்த தடவ கூப்புடும்போது கையக் காட்டலாமா மாமா, பாத்தா என்ன நெனப்பாக" என்று கேட்டாள். காட்டம்மா என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்காகச் சொல்லிவிட்டேன். அவள் காட்டுவாள். பார்க்க நன்றாக இருக்காது சிவபாண்டி, எனக்கே பழக நாளாயிற்று. பரவாயில்லையே நல்லாத்தானே இருக்கு என்று பொய் சொல்லாதே, எப்போது சரியாகும் என்றும் கேட்காதே. கொஞ்ச நேரம் அதைப் பார். முகத்தை மட்டும் திருப்பிவிடாதே.

உன் அப்பா,
ஆண்டிச்சாமி